எல்லாப் பெட்டியிலும் எண்பத்தைந்து

எழுபதுகளின் தொடக்கம். தீபாவளிச் சரக்கு மும்முரமாக ஓடுகிற ஆவணி மாதம். திருப்பூர் மண்ணரைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. என் கணவர் மஞ்சள் காமாலையில் போய் ஐந்து மாதம். எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனும் அண்ணியும் தங்கமானவர்கள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் என் மனசு நோகக் கூடாது என்று என் கணவரைப் பற்றிய பேச்சையே வீட்டில் எடுக்க மாட்டார்கள். அவர் போட்டோவைக்கூட பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனால், குழாயை மூடினமாதிரி சிரிப்பு நின்றுவிடும். சரி, இனி நமக்குச் சிரிப்பே கிடையாது போலிருக்கிறது என்று நானும் முடிவு கட்டிக்கொண்டேன். அண்ணனிடம் இரண்டு மாதம் மன்றாடித்தான் வேலைக்கே வந்தேன். "ஏதாச்சும் ஒரு பேச்சு வந்துதுன்னா அன்னைக்கே நின்னுக்கோணும் அம்மிணி" என்று சொல்லித்தான் அனுப்பினார். நின்றால் மறுபடி அந்த வீடு, அந்த மௌனம்.

மடித்த பனியன்களைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியின் பக்கவாட்டில் சைசுச் சீட்டை ஒட்டுவது என் வேலை. எங்கள் கம்பெனியில் பனியனில் சைசு போடுகிற வழக்கம் அப்போது இல்லை. பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சைசு.

அன்று மத்தியானம் மதுரைப் பக்கமிருந்து ஒரு வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். ஒல்லியான மனுஷர், நல்ல வாய். "என் சைசு எண்பத்தஞ்சுதான், போட்டுப் பாத்தே வாங்கிக்கிறேன்" என்று ஒரு பெட்டியைப் பிரித்து, சட்டைக்கு மேலேயே ஒரு பனியனை மாட்டினார். அது முழங்காலுக்குத் தொங்கியது. "என்னண்ணே இது, ஆளுக்குத் தச்சீகளா, ஆனைக்குத் தச்சீகளா?" என்றவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் அடுத்த பெட்டியிலிருந்து எடுத்ததைப் பார்க்காமலே தலையில் கவிழ்த்தார். அது சின்னப் பிள்ளைகள் சைசு! தலை பாதியில் நின்றுவிட்டது. இரண்டு கையும் கூரையைப் பார்த்துத் தூக்கியபடி, முகம் தெரியாமல், "யாராச்சும் எடுங்கய்யா, மூச்சு முட்டுது!" என்று சுற்றிச் சுற்றி வருகிறார். முதலாளி ஒரு பக்கம் இழுக்கிறார், மேஸ்திரி ஒரு பக்கம் இழுக்கிறார். பனியனோ அவர்கள் இழுத்த பக்கமெல்லாம் நீளுகிறதே தவிர கழன்று வருகிற வழியைக் காணோம்.

நான் சிரித்துவிட்டேன். சும்மா இல்லை, பெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்து முடித்துப் பார்த்தால் மொத்த செக்‌ஷனும் என்னைப் பார்க்கிறது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். புருஷன் போய் அரை வருஷம்கூட ஆகவில்லை, இந்தச் சிரிப்பு சிரிக்கிறாளே என்று நினைப்பார்களே! உடம்பெல்லாம் கூசியது.

அதற்குள் முதலாளி பெட்டிகளைப் பார்த்துவிட்டார். ராக்கில் அடுக்கியிருந்த அறுபது பெட்டியிலும் எண்பத்தைந்து, எண்பத்தைந்து, எண்பத்தைந்து.

"சீட்டு ஒட்டுனது யாருங்க?"

"நானுங்க" என்று எழுந்தேன்.

"ஏம்மா, எல்லாத்துக்குமே எண்பத்தஞ்சா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மூன்று வருஷக் குடித்தனத்தில் கடைக்குப் போனால் நான் கேட்கிற ஒரே நம்பர் அது. கை தன்பாட்டுக்கு அந்தச் சீட்டையே எடுத்திருக்கிறது. "எங்க ஊட்டுக்காரரு சைசுங்க அது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மிஷின்கள்கூட நின்றுவிட்டன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. போச்சு, இங்கேயும் அந்த மௌனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கலைந்த தலையைக் கோதிக்கொண்டிருந்த வியாபாரிதான் கேட்டார்: "அப்ப அவரும் என்னைய மாதிரி ஒல்லிதானாம்மா?"

ஐந்து மாதத்தில் அவரைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி.

"உங்களவிட ஒல்லிங்க" என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டு, "அஞ்சு மணிக்குப் பார்சல் வண்டி வந்துருமுங்க. அதுக்குள்ள பிரிச்சு ஒட்டியாகோணும், எல்லாருமா கை குடுங்க" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தோம். தினமும் சேவூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தி, பட்டாசு வாய்க்காரி, அளக்கிற டேப்பைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்தாள்: "ஏனுங்கக்கா, அவரு எப்படி இருப்பாருங்க? சொல்லுங்க, கை பாட்டுக்கு வேல பாக்கட்டும்."

சொன்னேன். பல்லிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறி நிற்பாரே, அதைச் சொன்னேன். தையல் உறுத்துகிறது என்று பனியனை உள்புறம் வெளியே தெரியத் திருப்பித்தான் போடுவார் என்று சொன்னதும் சேவூர்க்காரி டேப்பைக் கீழே போட்டாள். "அட பாவி மனுசா! நாம பிசிறு வெட்டிப் பிசிறு வெட்டிக் கண்ணு பூத்துப்போறோம், இவரு திருப்பிப் போட்டுக்கிட்டுப் போறாராமா!" நடுவில் இரண்டு தடவை அழுதேன். அழாதே என்று யாரும் சொல்லவில்லை. கட்டிங்கில் விழுந்த துண்டுத் துணி ஒன்றை நீட்டினார்கள், மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே சொன்னேன். வண்டி வந்தபோது அறுபது பெட்டியும் தயார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வேலையை விடச் சொல்லப் போகிறார் என்று பயந்தேன். அவரோ நிமிர்ந்து, "மாப்ள தும்முனார்னா நம்ம ஊட்டு நாயி எந்திரிச்சு ஓடுமே, அதச் சொன்னியா?" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார்கள். போட்டோ மறுபடி சுவருக்கு வந்தது.

அந்தக் கம்பெனியில் பதினேழு வருஷம் இருந்தேன். கடைசி நாள்வரை எனக்கு 'எண்பத்தஞ்சக்கா' என்றுதான் பெயர். அந்த வியாபாரி அதற்குப் பிறகு வரவில்லை, அவர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "அவரு எப்படி இருப்பாருங்க?" என்று கேட்கிறேன். தலை கலைந்து நின்றுகொண்டு அந்த வியாபாரி தொடங்கிவைத்து, சேவூர்க்காரி முழுசாகக் கேட்ட அந்தக் கேள்வியை, நான் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.