மாப்பிள்ளை கண்ணில் விளக்கெண்ணெய்

போன செவ்வாய்க்கிழமை அபிஷேகப்பாக்கத்திலிருந்து மூலக்குளம் கண் ஆஸ்பத்திரிக்குப் படையெடுத்தோம். படை என்றால் நான், தங்கச்சி சரசு, அவள் வீட்டுக்காரர் முருகையன். மாப்பிள்ளைக்கு மறதி நோய். விழித்திரையின் நரம்பு அடுக்கு வருடத்துக்கு வருடம் மெலிகிறதா என்று படமெடுத்துப் பார்த்தால் மூளையின் போக்கும் கொஞ்சம் பிடிபடலாமாம். டாக்டர் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டிருக்கிறார். போன வருடப் படம் கையில் இருக்கிறது. இப்போது மெலிந்திருக்கிறதா, இல்லையா? சரசு ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

காலை ஏழரைக்கு ஆட்டோ. சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், நானூறு ரூபாய். மூலக்குளம் நெரிசலில் நின்ற நேரத்தில் ஒரு போகம் நெல்லே அறுத்திருக்கலாம்.

"இன்னா சார் பண்றது, பறக்கவா முடியும்?" என்றார் டிரைவர்.

"பறந்தா அதுக்கும் தனியா கேப்ப நீ!"

ஸ்கேன் அறையில் மாப்பிள்ளை மோவாயை மெஷினில் வைத்து, பச்சைப் புள்ளியைச் சமர்த்தாகப் பார்த்தார். திரையிலோ மார்கழிப் பனி.

"கண்ணுல எதனா வுட்டீங்களா?" என்று படமெடுக்கும் பெண் பஞ்சால் துடைத்தாள். விளக்கெண்ணெய்! "இன்னிக்கு முடியாது சார். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இடம் இருக்கு."

நான் போட்ட சத்தத்தில் கடலூரில் காக்கா பறந்திருக்கும். "ஏம்மா, அது கொண்டா, இது கொண்டான்னு ஒரு முழத்துக்கு எழுதித் தர்றீங்களே, எண்ணெய் வுடாதேன்னு ஒரு வரி எழுதக் கூடாதா? சூடுன்னா கண்ணுல எண்ணெய் வுடாத வூடு இந்தப் பக்கம் உண்டா?"

சரசு பக்கம் திரும்பினேன். "நீதானடி வுட்ட?"

"சத்தியமா நான் இல்லண்ணே."

"நான்தான் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "இன்னிக்குக் கண்ணைப் படம் புடிக்கறாங்க இல்ல? தெளிவா வரட்டுமேன்னு காலையில வுட்டுக்கினேன்."

பெற்ற மகள் பெயரையே மாற்றிக் கூப்பிடுகிற மனுஷன். ஸ்கேன் நாள் மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது!

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எண்ணெய், மை, பூச்சாறு எதுவும் வேண்டாம். பழைய படத்தை மறக்காதீர்கள். அங்கே சொட்டு மருந்து விட்டால் வெயில் கூசும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். இந்தப் படம் மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்று டாக்டரே சொல்கிறார். ஆனாலும் அந்த ஒரு வரியை எழுதாதவர்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. இன்னும் இரண்டு மாதம் சரசு எப்படித் தூங்குவாள்?

திரும்பும் வழியில் அவள் முந்தானையால் அவர் கன்னத்து எண்ணெயைத் துடைத்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எங்க மச்சான் போயிட்டு வர்றோம்?"