ஜெஸ்ஸின் கழுத்து மணி

சிட்னியில், ஹோம்புஷில் நான் இருக்கிற மாடி வீட்டில், வாசல் கதவுக்குப் பின்னால் சாவி மாட்டுகிற ஆணியில், ஒரு பித்தளை மணி தொங்குகிறது. தேசிக்காயில் பாதியளவுதான் இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார்கள். பூசை மணியா என்று கேட்பார்கள், ஆட்டு மணியா என்று கேட்பார்கள், நாயின் மணி என்றால் சிரிப்பார்கள். விளிம்புக்குச் சற்று மேலே கடுகளவில் ஒரு பள்ளம் இருப்பதை இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை. ஆனால் நான் சாவி எடுக்கும்போதெல்லாம் என் பெருவிரல் அந்தப் பள்ளத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது.

நான்கு வருடங்களுக்கு முன் மெல்பேர்ணில் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் அக்கா வீட்டுக்கு ரயிலேறிவிடுவேன். அத்தான் அங்கே ஒரு மருத்துவமனையில் டொக்டர். எதையும் அவசரமில்லாமல் செய்கிற மனுசன். சோற்றைக் குழைப்பதிலிருந்து கார் பின்னெடுப்பதுவரை எல்லாவற்றையும் நோயாளியின் நாடி பார்க்கிற மாதிரித்தான் செய்வார். நான் அதற்கு நேர்மாறு. ஒரு பொருளைக் கண்டால் அதைத் திறந்து உள்ளே பார்க்கவேண்டும், ஒரு புத்தகத்தைக் கண்டால் முதல் பக்கத்திலேயே கடைசிப் பக்கத்தை ஊகிக்கவேண்டும். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பாடு போடுவது தனக்கு ஒரு தண்டனை என்று அக்கா சொல்லுவாள்.

அந்த மாசியில் அத்தானின் வார்டுக்கு ஒரு பண்ணைக்காரர் வந்து சேர்ந்தார். நகரத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் மேற்கே அவருடைய கோதுமை வயல்கள். உழவு இயந்திரம் சரிந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. காலை உயர்த்தி, கயிறு கட்டி, எடைக்கல் தொங்கவிட்டு மூன்று மாதம் அசையாமல் படுக்கவேண்டும் என்றார்கள். அவர் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். காடை வேட்டைக் காலம் தொடங்கப்போகிறது, என் நாயை யார் வயலுக்குக் கூட்டிப்போவார்கள் என்றுதான் கேட்டாராம். ஜெஸ்ஸுக்கு ஏழு வயது, இன்னும் இரண்டோ மூன்றோ காலம்தான் ஓடுவாள், அதில் ஒன்றை முற்றத்தில் கட்டிப்போட்டு வீணாக்க முடியாது. கூட வேட்டையாடுகிறவர்கள் எல்லாரும் தங்கள் நாய்களோடுதான் போவார்கள். தன்னிடம் கனிவாகப் பேசிய ஒரே மனிதரிடம் அவர் கேட்டுவிட்டார். அத்தானுக்கும் நோயாளியிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தான் கதையைத் தொடங்கினார்.

"தம்பி, உனக்குத் துவக்குப் பிடிச்சுச் சுடத் தெரியுமோ?"

"தெரியாது. பழகலாம்."

"இந்தப் பதிலுக்காகத்தான் உன்னைக் கேட்டனான்."

"ரெண்டு பேருக்கும் விசர்," என்றாள் அக்கா. "செத்த குருவியள் ஒண்டும் என்ரை குசினிக்குள்ள வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

ஒரே கிழமையில், ஏழே நாளில், நூலகத்திலிருந்த துவக்குப் புத்தகங்கள் எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். லைசென்ஸ் எடுத்தேன். பண்ணைக்காரர் வீட்டு அலுமாரியிலிருந்து அவருடைய தகப்பனாரின் துவக்கை அவர் மனைவி எடுத்துத் தந்தபோது இரண்டு கையாலும் வாங்கினேன். இங்கிலாந்தில் செய்தது. பக்கம் பக்கமாக இரண்டு குழல், இரண்டு விசை, பூட்டின் இரும்புத் தகட்டில் புல்லிலிருந்து எழும்புகிற இரண்டு பறவைகள் செதுக்கியிருந்தன. எத்தனையோ வருடம் ஒருவருடைய கன்னம் பட்டுப்பட்டு மரக்கட்டை ஓரிடத்தில் மட்டும் கறுத்து மினுங்கியது. திறந்தால் ஒரு சின்னச் சத்தம், மூடினால் ஒரு சின்னச் சத்தம். சும்மா திறந்து மூடிக்கொண்டே இருந்தேன்.

நாய்க்குரிய விதிகளைப் பண்ணைக்காரர் படுக்கையிலிருந்து சொல்லச்சொல்ல, அத்தான் மருந்துச் சீட்டுத் தாளின் பின்புறத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். டொக்டர் கையெழுத்து தமிழிலும் டொக்டர் கையெழுத்துத்தான். முதல் வரியை வாசித்தேன்: காடைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டும் சுடவும். காடை நிலத்தோடு ஒட்டிப் பறக்கும்போது சுட்டால் முன்னால் நிற்கிற நாய்க்குப் படும் என்பதுதான் காரணம். நியாயமான விதி. விளங்கிவிட்டது. தாளை மடித்து அத்தானிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"மிச்சத்தையும் வாசியன்."

"நீங்கள் கூட வருவியள்தானே, அத்தான்."

பங்குனி முடிந்து வெயில் தணிந்ததும் ஒவ்வொரு ஞாயிறும் போனோம். மருத்துவமனை எந்த நேரமும் கூப்பிடலாம் என்று அத்தான் வயலுக்கும் டை கட்டிக்கொண்டு வந்தார். அறுவடை முடிந்த கோதுமைத் தாள்களுக்கு நடுவில் வெள்ளை உடம்பும் கபில நிறத் திட்டுகளுமாக ஜெஸ் இடமும் வலமும் ஓடுவாள். மணி விடாமல் கிலுங்கும். திடீரென்று மணி நின்றுவிடும். அப்படி நின்றால் அவளுக்குக் காடையின் மணம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு முன்னங்கால் மடிந்து, வால் நீட்டி, மூச்சே விடாதவள் போல நிற்பாள். நாங்கள் கிட்டப் போனதும் காலடியிலிருந்து காடை விர்ரென்று கிளம்பும். நான் சுடுவேன். பட்டதோ படவில்லையோ, பறவை போன திசையில் ஓடுவேன். அத்தான் ஓடமாட்டார். ஆறுதலாக நடந்துபோய், குனிந்து, ஜெஸ்ஸின் தலையை ஒருதரம் தொடுவார். அதன் பிறகு மணி மறுபடி கிலுங்கத் தொடங்கும். அதை அன்பு என்று நினைத்தேன். நோயாளியைத் தட்டிக்கொடுக்கிற டொக்டர் நாயையும் தட்டிக்கொடுக்கிறார், அவ்வளவுதான்.

மாலையில் வார்டுக்குப் போவோம். பண்ணைக்காரர் எத்தனை காடை என்று ஒருநாளும் கேட்டதில்லை. காற்று எந்தப் பக்கம், எந்த வேலியோரம், மணி நின்றபின் எவ்வளவு நேரம் பிடித்து நின்றாள் என்றுதான் கேட்பார். நாங்கள் சொல்லச்சொல்ல அவர் கண் கூரையில் இருக்கும். அங்கே வயல் ஓடிக்கொண்டிருக்கும். தான் இனி ஒருகாலமும் அந்த வயலில் நடக்கமாட்டேனோ என்ற பயம் அவருக்கு இருந்ததாக அத்தான் சொன்னார். எங்களுக்கு அவர் அதைக் காட்டியதில்லை. காடைகளை அவர் மனைவிக்குக் கொடுத்துவிடுவோம். ஒருமுறை மட்டும் நான்கைத் துப்பரவாக்கிக் கொண்டுவந்தேன். "இந்தச் சின்னச் சாமானிலை என்னத்தைக் கறி வைக்கிறது?" என்று திட்டிக்கொண்டே அக்கா குழம்பு வைத்தாள். இரண்டு அவளே சாப்பிட்டாள்.

ஐந்தாவது ஞாயிறு அது நடந்தது. பதினொரு மணிக்கு அத்தான் பண்ணை வீட்டுக்குப் போய் மருத்துவமனைக்குப் போன் எடுப்பது வழக்கம். அன்று வயலின் மறு அந்தத்தில், இடுப்பளவு காய்ந்த புல் நின்ற ஒரு துண்டு நிலத்தின் ஓரம் நின்றோம்.

"நான் போட்டு வாறன். வாற வரைக்கும் இந்த வேலியடியிலை நில். ஒண்டும் செய்யாதை."

நின்றேன். ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். ஜெஸ் புல்லுக்குள் புகுந்தாள், மணி கிலுங்கியது, பிறகு நின்றது. மணி நின்றால் நான் எப்படி நிற்பது? புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவளுடைய முதுகின் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. இன்னும் இரண்டு அடி வைத்ததும் காடை கிளம்பியது. மேலே எழும்பவில்லை. புல் நுனிகளை உரசிக்கொண்டு நேரே போனது. நான் சுட்டேன்.

வானம் தெரிந்ததா? தெரியவில்லை. விசையை இழுத்த அந்தக் கணத்திலேயே தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். பறவைக்குப் பின்னால் மஞ்சள் புல் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் பழக்கத்தில் வெறும் தோட்டாக் கோதைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னால் ஓடினேன். காடையைத் தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை. திரும்பினேன். எல்லாப் பக்கமும் ஒரே புல். எங்கேயிருந்து வந்தேன் என்பதே தெரியவில்லை. மணிச் சத்தம் இல்லை.

"ஜெஸ்" என்றேன். விசிலடித்தேன். கத்தினேன். காற்று மட்டும் புல்லை இழுத்துக்கொண்டிருந்தது. அவளுடைய முதுகு இருந்த இடத்தை நினைத்துப் பார்த்தேன். நான் சுட்ட திசையை நினைத்துப் பார்த்தேன். பொறியியல் படிக்கிறவனுக்கு அந்த இரண்டு கோடும் எங்கே வெட்டும் என்று தெரியும். மேலும் கீழுமாக, குறுக்கும் மறுக்குமாக ஒரு மணித்தியாலம் நடந்தேன். ஒவ்வொரு புல் புதரை விலக்கும்போதும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் விலக்கினேன். பின்னேரம் அந்தக் கட்டிலடியில் போய் நிற்கவேண்டும். அவர் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார்.

அத்தான் வேலியடிக்கு வந்துவிட்டதைக் கண்டு அவரிடம் போனேன். போன் கதை நீண்டுவிட்டது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கையடா அவள்?"

"ஓடிட்டாள், அத்தான். எங்கையெண்டு தெரியேல்லை."

இரண்டு கண்ணையும் பார்த்துச் சொன்ன சுத்தப் பொய். அத்தான் டையைத் தளர்த்தினார்.

"சுட்டனியோ?"

"ஓம்."

"வானம் தெரிஞ்சதோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அத்தானின் முகமும் வெளிறிப்போனது. புல்லுக்குள் இரண்டடி வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் திரும்பினார்.

"தலையைத் தொட்டனியோ?"

"என்ன?"

"சுட்டாப் பிறகு அவளின்ரை தலையைத் தொட்டனியோ எண்டு கேட்டனான்."

"அதேன் நான் தொடுறது? அது நீங்கள்..."

அத்தான் சட்டைப் பைக்குள்ளிருந்து அந்த மருந்துச் சீட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, நான்காவது வரியில் விரலை வைத்துப் பிடித்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். வெடி கேட்டதும் படுத்துவிடுவாள். கிட்டப்போய்த் தலையைத் தொடும்வரை எழும்பமாட்டாள். கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

"உயிரோடை இருந்தாலும் அசையமாட்டாள், தம்பி. இல்லையெண்டாலும் அசையமாட்டாள். போய்ப் பாத்தால்தான் தெரியும். வெடிச்ச கோது எங்கை?"

"கழட்டி எறிஞ்சிட்டன்."

"அப்ப அதைத் தேடு. அது கிடக்கிற இடத்திலைதானே நீ நிண்டனி."

எனக்கு அது தோன்றவேயில்லை. ஒரு மணித்தியாலமாக வெள்ளை நாயைத் தேடினேன், சிவப்புத் தோட்டாக் கோதைத் தேடவில்லை. இரண்டு பேரும் வேலியிலிருந்து தொடங்கி, கைக்கெட்டும் தூரத்தில் அருகருகே நடந்தோம். நான்காவது தடவை நடந்தபோது அத்தான்தான் கண்டார். கோதருகே நின்று, நான் சுட்ட பக்கம் திரும்பி, எண்ணி நடந்தோம். பன்னிரண்டாவது அடியில் புல்லுக்குக் கீழே இரண்டு கண்.

தாடையை முன்னங்கால்களின் மேல் வைத்து, நிலத்தோடு நிலமாக ஒட்டிப் படுத்திருந்தாள். எங்களைக் கண்டு வால் நுனி மட்டும் அசைந்தது. எழும்பவில்லை. நான் அவளைத் தாண்டி எத்தனை முறை நடந்திருப்பேன், எத்தனை முறை அவள் பெயரைக் கத்தியிருப்பேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். தலையில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பக்கத்திலேயே நிலத்தில் குந்தினேன்.

"தொடு," என்றார் அத்தான். "நீதான் சுட்டனி. நீயே தொடு."

தொட்டேன். சூடாக இருந்தது அந்தத் தலை. அவள் எழும்பி உடம்பை உதறினாள். மணி கிலுங்கியது. அந்தச் சத்தத்தை நான் வேறு எதற்கும் ஒப்பிடமாட்டேன். அத்தான் அவளைப் பிடித்து, காதிலிருந்து வால்வரை மயிரைக் கோதிக் கோதிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கடைசியில் கழுத்துப் பட்டியில் விரல் நின்றது. மணியைத் திருப்பிக் காட்டினார். ஒரு ஈயக்குண்டு பட்ட கடுகளவு பள்ளம், பளபளவென்று புதிதாக.

பின்னேரம் வார்டு வாசலில் அத்தான் என்னை முன்னுக்குத் தள்ளினார். "நீ சொல்லு. டொக்டர் சொன்னால் நோயாளி பயப்பிடும்." சொன்னேன். வேலியடியில் நிற்காததையும், வானம் தெரியாததையும், பொய் சொன்னதையும்கூடச் சொன்னேன். நாங்கள் கழற்றிக்கொண்டு வந்த மணியைப் பண்ணைக்காரர் கேட்டு வாங்கினார். பெருவிரலால் பள்ளத்தைத் தடவினார். எவ்வளவு நேரம் படுத்திருந்தாள் என்று மட்டும் கேட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றேன். அவ்வளவு தூரம் கூப்பிட்டும் எழும்பவில்லையா என்றார். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் வசவுக்குத் தயாராக நின்றேன். அவருடைய நெஞ்சு குலுங்கத் தொடங்கியது, பிறகு காலில் தொங்கிய எடைக்கல் ஆடத் தொடங்கியது, தாதி ஓடிவந்தாள். மனுசன் சிரிக்கிறார், கண்ணால் தண்ணீர் வழிகிறது. புதியவர்களிடம் விட்டு அவளைக் கெடுத்துவிட்டோமோ என்று ஐந்து கிழமையாக நித்திரை இல்லாமல் கிடந்தாராம். இவ்வளவு நேரம் படுப்பாள் என்பது பழக்கிய தனக்கே தெரியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, அடுத்த ஞாயிறு அதே வயலுக்குப் போ, இல்லாவிட்டால் நீ இனிப் போகமாட்டாய் என்றார்.

போனேன். ஆனால் துவக்கை அத்தானிடம் கொடுத்துவிட்டேன். மிச்சக் காலம் முழுக்க அவர் டை கட்டியபடியே சுட்டார். வானம் தெரிகிறதா என்று பார்த்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, மறுபடி பார்த்துச் சுடுவதற்குள் காடை அடுத்த பண்ணைக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் மேற்கு வயல்களில் காடைகள் பெருகியதற்குத் தான்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லுகிறார். நான் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் நடந்துபோய்த் தலையைத் தொட்டேன். ஓடவில்லை.

குளிர் காலம் முடிவதற்குள் பண்ணைக்காரர் இரண்டு தடியோடு வயலுக்கு வந்தார். அன்று ஜெஸ்ஸுக்குப் புது மணி கட்டி, பழையதை என் கையில் வைத்தார். அடுத்த வருடம் எனக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. போன மாதம் அத்தான் எழுதிய கடிதத்தில், ஜெஸ் கொழுத்துவிட்டாள், இப்போது அரைநாள்தான் ஓடுகிறாள், பண்ணைக்காரர் ஒரு தடியோடு பின்னால் போகிறார் என்றிருந்தது. நான்கு பக்கக் கடிதம். கடைசி வரிவரை வாசித்தேன்.

இந்த வீட்டுக்குப் பின்னால்தான் ரயில் பாதை. ரயில் போகும்போது சுவர் அதிர்ந்து, ஆணியில் மணியும் மெல்லக் கிலுங்கும். நான் மேசையில் வரைபடங்களோடு இருப்பேன். ரயில் போய் முடிந்ததும் மணி நின்றுவிடும். நின்ற அந்தக் கணத்தில் என் பென்சிலும் நிற்கிறது, கண்ணுக்குள் அந்த மஞ்சள் புல் அசைகிறது. பிறகு எழும்பி, ஓடாமல் நடந்துபோய், அதை ஒரு விரலால் தொட்டுவிட்டு வருகிறேன்.