சுந்தரத்தின் தூண்டிலுக்கு நான் தேர்ந்தெடுத்த மரம்

வைகைக் கரையிலிருந்து இதைப் படிக்கும் நண்பர்களே, பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் வாழும் தோழர்களே, முதலில் உங்களைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். இந்தச் சித்திரையில் மதுரையில் நம் சொற்போர் மன்றத்தின் மேடையில் ஆறு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஐந்தில் ஆள் இருந்தது. ஆறாவது என்னுடையது. அது காலியாகவே கிடந்ததை வந்திருந்தவர்கள் கண்ணாரக் கண்டீர்கள். எதிரணித் தலைவர் அதைச் சுட்டிக்காட்டி, “கடற்காற்று பட்டதும் நாக்கு துருப்பிடித்துவிட்டது போலும்” என்றாராம். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனதாக என் நண்பன் சுந்தரம் எழுதியிருக்கிறான். பதினேழு வயதிலிருந்து மேடை ஏறியவன் நான். இதுவரை எந்த அணிக்கும் அஞ்சிப் பின்வாங்கியவன் அல்லன். அன்று நான் வராததற்குக் காரணம் உண்டு. அதைக் கேட்டபின் தீர்ப்பளியுங்கள்.

நான் வாழும் புதுச்சேரி எப்படிப்பட்ட ஊர் என்பதை ஒரு சிறு செய்தியால் விளக்குகிறேன். நண்பகலானதும் இங்கே கடைகள் கதவடைத்துக்கொள்கின்றன. மருந்துக் கடை, துணிக் கடை, தையற்காரர் எல்லாமே. தெருவே போர்வை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. மூன்று மணி வரை ஒரு முழ நூல் வாங்க முடியாது. நள்ளிரவிலும் இட்லி கிடைக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது எப்படி இருக்கும்! வந்த புதிதில் மூடிய கதவு ஒன்றைத் தட்டி, “வியாபாரம் வேண்டாமா?” என்று கேட்டேன். உள்ளிருந்து, “எல்லாரும் மூடியிருக்கச்சே நான் மட்டும் தொறந்தா நல்லா இருக்குமா முசே?” என்று குரல் வந்தது. சோம்பலுக்கு இப்படியும் ஒரு சாக்கா என்று சிரித்துவிட்டுப் போனேன். ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறிச் சில ஆண்டுகள் ஆகியும் அதற்கான ஒப்பந்தம் இன்னும் பிரெஞ்சு நாட்டில் உறுதிப்படவில்லை. ஆகவே காகிதத்தின்படி நான் அயல்நாட்டில் இருக்கிறேன். அலுவலகத்தில் நான் புரட்டும் கோப்புகள் பிரெஞ்சில் இருக்கின்றன. ஐயா என்பதற்குப் பதிலாகப் பெயருக்கு முன்னால் ‘முசே’ சேர்த்து அழைக்கிறார்கள். பேசுவது என்னவோ என் தாய்மொழிதான். அதனால்தான் இவர்களை எனக்கு முழுக்கத் தெரியும் என்று நம்பிவிட்டேன்.

சென்ற கோடை விடுமுறையில் சுந்தரம் வந்திறங்கினான். தோளில் துப்பாக்கி போல ஒரு நீண்ட உறை. கோடைக்கானலில் தோட்டத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற பொருள்களில் இவன் வாங்கியது, சக்கரம் வைத்த தூண்டிற்கோல். “ஆத்துல கெண்டைய இழுத்து அலுத்துப்போச்சுப்பா. கடல்ல ஒரு வஞ்சிரத்த இதுல இழுத்து, போட்டோ புடிச்சு, ஊர்ல காட்டணும். நாலு நாள் லீவு. நல்ல படகா நீதான் பாத்துக் குடுக்கணும்” என்றான். நான் கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவன். ஆயினும் தெரியாது என்ற சொல்லை மேடைப் பயிற்சி எனக்குக் கற்றுத்தரவில்லை. “என்னிடம் விட்டுவிடு” என்றேன்.

மறுநாள் மாலை ஊருக்கு வடக்கேயுள்ள மீனவர் குப்பத்துக்குப் போனோம். முதலில் எதிர்ப்பட்டவர் சலங்குக்காரர் மாணிக்கம். சலங்கு என்பது கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் பெரிய படகு. “வாங்க முசே, வக்கான்சுக்கு வந்தீங்களா?” என்று விடுமுறையைப் பிரெஞ்சிலேயே விசாரித்தார். “மீன் வேணும்னா கரையிலயே வாங்கிக்கலாமே?” என்று ஒருவர் இடையில் கேட்க, “வெளையாட்டுக்குப் புடிக்கிறது” என்றான் சுந்தரம். “கடல்லயா வெளையாட்டு?” என்று அவர் தலையைச் சொறிந்தார். மாணிக்கமோ, “ஒனக்கு இன்னாய்யா தெரியும்? இந்தச் சலங்குல நாற்காலி போட்டு ஒக்காந்து ஒரு முசே சுறாவே புடிச்சாரு. இந்தா பாருங்க, அவரு எழுதிக் குடுத்த காயிதம்” என்று மடித்த தாளைப் பெருமையுடன் நீட்டினார். கோப்புகளால் நான் கற்ற பிரெஞ்சு அதைப் படிக்கப் போதுமானதாக இருந்தது. ‘படகோட்டி இனிய மனிதர். படகு ஒழுகுகிறது’ என்று எழுதியிருந்தது. நன்றி சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்து, வலையைப் பிரித்து உட்கார்ந்திருந்த காத்தவராயனிடம் போனோம். கட்டுமரத்தை இங்கே மரம் என்றே சொல்வார்கள். அவருடைய மரம் நான்கு கட்டைகள் சேர்ந்த பெரிய மரம். அவர் எங்களை ஏறிட்டும் பார்க்காமல், “நீச்சல் தெரியுமா?” என்று கேட்டார். “வைகையில் நீந்தியவர்கள் நாங்கள்” என்றேன் நான், நிமிர்ந்து. “வைகைல தண்ணி இருக்குதா?” என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். துரோகி சுந்தரமும் சிரித்தான். கடலுக்கு அழைத்துச் செல்பவன் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவர் அவர்தான் என்பது இன்று விளங்குகிறது. அன்று என் ஆற்றை அவமதித்தவராக மட்டுமே அவரைக் கண்டேன். அங்கிருந்து விலகினேன்.

மூன்றாமவன் முத்தாலு. என் வயதுதான் இருக்கும். எங்களைக் கண்டதும் ஓடி வந்தான். “நீங்க சாரத்துல நடந்த கூட்டத்துல பேசுனவருதானே? ‘காரணம் கேக்காம எந்தப் பழக்கத்துக்கும் தல குனியாத’ன்னு சொன்னீங்களே! ஊட்டுல வந்து பொண்டாட்டிகிட்ட அப்பிடியே பேசிக் காட்டனேன் சார். ‘போதும், சோத்தத் துன்னு’ன்னுட்டா” என்று சிரித்தான். அவன் மரம் சிறியது. முன்கை எனும் முன்முனையில் ஒருவர், பின்கை எனும் பின்முனையில் ஒருவர் துடுப்புப் போட்டால்தான் அலையைத் தாண்டும். முன்கைக்கு மைத்துனன் வருவான் என்றான். எத்தனை ஆண்டு அனுபவம், எவ்வளவு தூரம் போகும், கயிறு புதிதா என்று ஒன்றையும் நான் கேட்கவில்லை. என் வாக்கியத்தை என்னிடமே ஒப்பித்தவனை எப்படி மறுப்பேன்? கடைசி நாள் விடியற்காலை என்று முடிவாயிற்று.

அந்த விடியலில் கரை வெறிச்சோடியிருந்தது. ஒரு மரத்தின் கட்டைகளும் சேர்த்துக் கட்டப்படவில்லை. முத்தாலு மட்டும் எங்களுக்காகக் காத்திருந்தான். “இன்னிக்கு முடியாது சார். காத்தவராயனோட கூடப் பொறந்த அண்ணன் மாரி ராத்திரி பூட்டாரு. அடக்கம் ஆவுற வரைக்கும் கடலுக்கு யாரும் போவக் கூடாது.”

“ஏன்?” என்றேன்.

“அப்பிடித்தான் சார். பழக்கம்.”

“பழக்கம் ஒரு காரணமாகுமா?”

சுந்தரம் என் கையைப் பிடித்தான். “விடுப்பா. சாவு விழுந்துருக்கு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.” நான் விடவில்லை. இறந்தவருக்குக் கடல் தெரியுமா, கடலுக்கு இறந்தவரைத் தெரியுமா என்றேன். ஆவிக்கு அஞ்சுகிறாயா என்றேன். கேள்வியின்மேல் கேள்வியாக அடுக்கினேன். கேட்பவர் இருவரே இருந்தும், ஈராயிரம் பேர் கேட்பது போலப் பேசினேன். விடை சொல்ல வாயெடுத்த முத்தாலு ஒவ்வொரு முறையும் சொல் கிடைக்காமல் நிறுத்தினான். கடைசியில், “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்றான். மைத்துனன் வர மறுத்துவிட்டதால் முன்கைத் துடுப்பை நானே பிடித்தேன். வென்றுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

வஞ்சிரம் கிடைத்தது. முழங்கை நீளம். அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. முற்பகலில் நாங்கள் கரை திரும்பியபோது, மாரியின் பாடை கடலோரமாகச் சுடுகாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குப்பமே அதன்பின் நடந்தது. மரம் ஒன்று கரை தட்டினால் அருகிலிருப்பவர் யாராயினும் ஓடிவந்து கைகொடுத்து மேலேற்றுவது இங்கே வழக்கம். பகையாளிகூட வருவான். அன்று ஒருவரும் வரவில்லை. ஒருவரும் திட்டவும் இல்லை. முன்னால் தீச்சட்டி ஏந்திச் சென்ற பையனுக்குப் பக்கத்தில் நடந்த காத்தவராயன் ஒரே ஒருமுறை திரும்பி, சுந்தரத்தின் கையில் தொங்கிய மீனைப் பார்த்தார். சுந்தரம் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். படமெடுக்கும் பெட்டி பைக்குள்ளேயே இருந்துவிட்டது. அன்று மாலை விழுப்புரம் பேருந்தில் ஏறும்வரை அவன் என்னோடு பேசவில்லை.

பத்து நாள் கழித்து, சாரத்தில் நான் குடியிருக்கும் தெருவில் முத்தாலுவின் மனைவி பாக்கியம் கூடையோடு வந்தாள். அவள் எங்கள் தெருவில் வாடிக்கையாக மீன் விற்பவள். என் வாசலில் நின்று குரலை உயர்த்தினாள்.

“இன்னா, பேச்சுக்கார சார், நல்லா இருக்கீங்களா? எங்க மரம் மணல்லயே கெடக்குது. முன்கைக்கு ஒருத்தரும் வர மாட்டறாங்க. என் தம்பியே வரல. அடுத்தவங்ககிட்ட மீன் வாங்கி விக்கிறேன். அந்த மனுசன் கடலப் பாத்துக்கினு ஒக்காந்திருக்குது. நீங்க வந்து தொணைக்கு ஒக்காந்து பேசுங்களேன், பொழுதாவது போவும்!”

“அந்தப் பழக்கத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டேன், பாக்கியம். அவன் சொல்லவே இல்லையே” என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். “இதுக்குக் காரணம் வேற சொல்லணுமா? சாவு வூட்டு ஆம்பளைங்க அன்னிக்குக் கடலுக்குப் போவ முடியுமா? அவங்க வல காயுற அன்னிக்கு எங்க வலயும் காயும். அவங்க மட்டும் பட்டினி, நாங்க மட்டும் மீனுன்னா அது ஒரு ஊரா சார்? மூச்சு வுடறதுக்குக் காரணம் கேட்டா எவன் சொல்லுவான்? அதான் அந்த மனுசனுக்கு வாய் வரல.”

நண்பர்களே, எத்தனையோ மேடைகளில் மறுப்புரை கேட்டிருக்கிறேன். ஒரு வரியில் என் வாதம் முழுவதும் வீழ்ந்தது அன்றுதான். நண்பகல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரலும் அப்போது நினைவுக்கு வந்தது. காரணம் கேட்கச் சொன்னதை இன்றும் நான் திரும்பப் பெறவில்லை. விடை சொல்லத் திணறியவனிடம் விடையே இல்லை என்று முடிவு கட்டியதுதான் என் பிழை. அந்தப் பிழைக்காக, கடலைத் தவிர வேறெதுவும் அறியாத ஒருவன் கடல் இழந்து உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலை முத்தாலுவின் வழக்கைப் பேசக் கூடிய நாட்டார் கூட்டத்துக்குப் போனேன். நாட்டார் என்பவர் குப்பத்தின் தலைவர். வலைக் கொட்டகையில் எல்லோரும் மணலில் அமர்ந்திருக்க, முத்தாலு துண்டை இடுப்பில் கட்டி ஓரமாக நின்றான். என் பெயரை அவன் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எங்களை அழைத்துப் போனது தன் விருப்பம் என்றே சொல்லியிருந்தான். “வைகைக்காரரு வந்துட்டாரு” என்று யாரோ முணுமுணுத்தார்கள். நாட்டார் என்னைப் பார்த்து, “பேச வந்தியா? அதான் அன்னிக்கே பேசிட்டியே” என்றார். வழியெல்லாம் உருப்போட்டு வந்த மூன்று பகுதி உரையைக் கைவிட்டேன். “அவன் முடியாது என்றான். நான்தான் பேசிப் பேசி அவனை மரத்தில் ஏற்றினேன். குற்றம் என்னுடையது” என்று மட்டும் சொன்னேன்.

“காசு குடுத்துத் தீத்துக்கலாம்னு பாக்காத. வாயால செஞ்சத எதால தீப்ப?” என்றார் நாட்டார்.

அதற்கு நான் சொன்ன விடையை இறுதியில் சொல்கிறேன். விளைவை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்தவராயன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். “காலைல முன்கைக்கு நான் வரேன்டா முத்தாலு. கயித்த மாத்து, பழசா இருக்குது” என்றார். முத்தாலு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

இப்போது இந்தச் சித்திரைக்கு வருகிறேன். சொற்போர் நாளன்று விடியற்காலை, விழுப்புரம் சென்று மதுரை இரயிலைப் பிடிக்கப் பேருந்துக்கு நின்றேன். சட்டைப் பையில் ஆறு பக்கக் குறிப்புகள். எதிரணித் தலைவரைத் திணறடிக்கும் என்று நான் நம்பிய குறிப்புகள். பாக்கியம் வெறுங்கூடையோடு கடற்பக்கமிருந்து வந்தாள்.

“ஊருக்கா சார்?”

“ஆமாம், மேடை இருக்கிறது. கூடை ஏன் காலி?”

அவள் தயங்கினாள். “நாட்டார் சம்சாரம் ராத்திரி பூட்டாங்க. சாயங்காலந்தான் எடுக்கறாங்க. இன்னிக்குக் கடல் இல்ல.” பேருந்து வந்து நின்றது. “நீங்க ஏறுங்க சார். ஒங்களுக்கு இன்னா இதுல? நீங்க வேற ஊரு” என்றாள். அவள் அதைக் கனிவாகத்தான் சொன்னாள். பேருந்து என்னை விட்டுவிட்டுப் போயிற்று. நான் கொடுத்த தந்தி மேடை கலைந்த பிறகே மதுரை வந்து சேர்ந்ததாம். அதற்காக மன்றத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அடக்கம் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. நான் கரையில் நின்றேன். கட்டவிழ்த்த மரங்கள் மணலில் வரிசையாகக் கிடந்தன. ஒன்றும் நீரில் இறங்கவில்லை. மதுரையில் விளக்கேற்றி, என் பெயரை அழைத்துக்கொண்டிருக்கும் வேளை அது. நூற்றுக்கணக்கான கல் தொலைவில் காலியாக இருந்த என் நாற்காலி, அந்த வரிசையின் கடைசியில் இன்னொரு மரமாகக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. எந்த ஊரான் நான் என்று அப்போது கேட்டிருந்தால், விடை சொல்ல வாய் வந்திராது. அதனால் அந்த வலைக் கொட்டகையில், முத்தாலுவும் காத்தவராயனும் கேட்க, உரத்த குரலில் நாட்டாருக்கு நான் சொன்ன விடையை மட்டும் இங்கே எழுதுகிறேன்:

“எனக்கு என் நாக்குத்தான் வலை. இந்தக் குப்பத்தில் ஒரு வீட்டு வலை சாவினால் காயும் நாளில், நான் எந்த ஊரில் இருந்தாலும், யார் அழைத்திருந்தாலும், எந்த மேடையிலும் ஏற மாட்டேன். அன்று என் வலையும் காயும்.”