எழுபத்திரண்டு மணி நேர விதி

இரத்தம் எடுக்கும்போது பூவரசனுக்குக் கை நடுங்கியதே இல்லை. கால்தான் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். புத்தூரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில், தரைக்குக் கீழுள்ள தளத்தில், இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊசியும் குப்பியுமாக உட்கார்ந்திருப்பவர் அவர். நரம்பே தென்படாத கையிலும் ஒரே குத்தில் இரத்தம் எடுத்துவிடுவார். மேசைக்கு மேலே அவ்வளவு நிதானம். மேசைக்குக் கீழே வலது கால் தையல் இயந்திரத்தை மிதிப்பதுபோல் அடித்துக்கொண்டிருக்கும். "எந்த ஊருக்கு சார் மிதிக்கிறீங்க?" என்று நோயாளிகள் கேட்பதுண்டு. அவர் பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கால் இன்னும் வேகமாக ஆடும். அதற்குக் காரணம் செம்பருந்து.

செம்பருந்து என்பது இணையத்தில் வெளிவந்த படக்கதை. கைப்பேசித் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியது. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் மகளுக்குத் தோளில் செந்நிற இறகுகள் முளைக்கின்றன. கடலோர ஊர்களைக் காக்க அவள் பறந்து செல்கிறாள். அவளுக்குத் துணையாக வருபவன் உடம்பெல்லாம் உப்பால் ஆன ஒரு மனிதன். பாறையைப் பெயர்த்து எறிவான், தூறல் விழுந்தால் மட்டும் கூரை தேடி ஓடுவான். வாரந்தோறும் ஓர் அத்தியாயமாக இருநூற்றுப் பன்னிரண்டு அத்தியாயங்கள் வந்தன. பிறகு அதை வரைந்த இருவரும் அதையே இணையத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப் போய்விட்டார்கள். முடிவு தொடரில்தான் வரும் என்று அறிவித்ததும் பூவரசன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மனைவி யமுனா ஸ்ரீரங்கத்தில் ஓர் அஞ்சலகத்தில் எழுத்தர். "எங்க கல்யாண நாள் அவருக்கு ஞாபகம் இருக்காது," என்று வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்வார். "ஆனா அந்தப் பொண்ணுக்கு எந்த அத்தியாயத்துல இறகு முளைச்சதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுவாரு."

"பதினொன்னு," என்பார் உள்ளேயிருந்து பூவரசன்.

நாற்பத்தேழு வயதில் இது என்ன கூத்து என்று சுற்றத்தார் சிரித்தார்கள். ஆனால் இந்தக் கூத்தில் அவர் தனியாள் அல்லர். 'பருந்துக் கூடு' என்று அவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். செவிலியர், பேருந்து ஓட்டுநர், கல்லூரி மாணவர், அரிசி ஆலைக் கணக்கர் எனப் பலதரப்பட்டோர். தொடரின் ஒவ்வொரு பகுதியும் வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியாகும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பார்க்க வாய்க்காது. ஆகையால் பூவரசன் ஒரு விதி வகுத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு முன் எவரும் எதையும் ஊகித்து எழுதலாம். பன்னிரண்டு அடித்தால் வாய்ப்பூட்டு. அதிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு, அதாவது திங்கள் நண்பகல்வரை, ஒரு சொல்லோ ஒரு படமோ ஓர் அழுமூஞ்சிக் குறியோகூடப் போடக் கூடாது. குழுவின் இன்னொரு பொறுப்பாளர், பள்ளிக் கணித ஆசிரியர் பீமராவ், இதைத் தம் பாணியில் சுருக்கிச் சொல்வார்: "நம்ம கூட்டுல யார் செத்தாலும் திங்கக்கிழமைதான் எடுப்பு."

இந்த விதியால் பூவரசன் இழந்தது ஒரே ஒருவரை. அவர்தாம் ரெஜிஸ்.

ரெஜிஸ் மணப்பாறையில் ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். பூவரசனைவிட ஐந்து வயது இளையவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் சர்க்கரைப் பரிசோதனைக்காக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஊசி என்றால் அவருக்கு உயிர் போகும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மறு கையிலிருந்த கைப்பேசியையே வெறித்துக்கொண்டிருந்தார். புயத்தில் இரப்பர் பட்டையைக் கட்டிய பூவரசனின் பார்வை திரையில் விழுந்தது.

"எண்பத்தொன்னா? உப்பு மனுசன் குகையில மாட்டிக்கிற இடம்?"

ரெஜிஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். "அண்ணே, நீங்களும் படிக்கிறீங்களா?"

"கைய மடக்கிக்கங்க. முடிஞ்சுது."

"குத்திட்டீங்களா?"

"எப்பவோ."

அன்று தொடங்கிய நட்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் ஊருக்கு மற்றவர் போவார். மணப்பாறையிலிருந்து திரும்பும்போதெல்லாம் ரெஜிஸ் ஒரு முறுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். சாப்பாடு ஆறும்வரை செம்பருந்தைப் பற்றியே பேசுவார்கள். சென்ற ஆண்டு இரண்டாம் பருவத்தின் இறுதிப் பகுதி வெளியான வெள்ளிக்கிழமையன்று, பன்னிரண்டு ஐம்பதுக்கு, ரெஜிஸ் குழுவில் ஒரு படம் போட்டார். ஒரு டம்ளர் தண்ணீர், வேறொன்றும் இல்லை. அன்றைய பகுதியில்தான் உப்பு மனிதன் ஒரு படகைக் காப்பாற்றக் கடலுக்குள் நடந்து கரைந்துபோகிறான்.

குழு கொந்தளித்தது. ரெஜிஸ் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, சத்தியமா நான் இன்னும் பாக்கல. திருவிழா ஃப்ளெக்ஸ் ஓடிக்கிட்டிருக்கு, மணியே பாக்கல. இப்படித்தான் ஆகும்னு மனசுல பட்டுச்சு, போட்டேன்."

பூவரசன் நம்பவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு, நாற்பத்தெட்டு நிமிடப் பகுதி முடிந்த கையோடு, அவ்வளவு துல்லியமாக ஒருவர் ஊகிக்க முடியுமா? 'பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்பவருக்கு இந்தக் கூட்டில் இடமில்லை' என்று எல்லோரும் காண எழுதி, ரெஜிஸை நீக்கினார். அதற்குப் பிறகு மூன்று முறை அழைப்பு வந்தது. பூவரசன் எடுக்கவில்லை. நான்காம் முறை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாயின. அந்த வெறுமையை அவர் வீட்டில் எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அலமாரிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு, மூன்றாம் பருவத்தின் எட்டாவதும் இறுதியுமான பகுதி வரவேண்டிய வெள்ளிக்கிழமை விடிந்தது. செம்பருந்து பிழைப்பாளா, மாட்டாளா? ஒன்பது ஆண்டுக் காத்திருப்புக்கு அன்று விடை. மாலை ஆறு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம். அதுவரை, பன்னிரண்டுக்கு மேல் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார்.

காலைப் பேருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, நின்ற இடத்திலேயே கால் ஆடியது. மனம் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது. விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோக, எரிவதற்கு எண்ணெய்தான் வேண்டும் என்று யார் சொன்னது என மகளிடம் தகப்பன் கேட்கும் கட்டம் அது. நூறு முறை படித்ததுதான். ஆனால் அன்று, பாலத்தின் நடுவில், பளிச்சென்று விளங்கியது. செம்பருந்து தன் இறகுகளைக் கழற்றி விளக்கில் இட்டு எரிக்கப்போகிறாள். படகுகள் கரை சேரும். அவள் இனிப் பறக்க மாட்டாள்.

பேருந்து நெரிசலில் கைப்பேசியை எடுக்க முடியவில்லை. ஆய்வுக்கூடத்திலோ வெள்ளிக்கிழமைக் கூட்டம். பதினொன்று நாற்பதுக்கு, ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்காரும் இடைவெளியில், 'இறகுதான் எண்ணெய்' என்று இரண்டே சொல் தட்டிக் குழுவுக்கு அனுப்பினார். விதிப்படி இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"என்னய்யா, ஊசிய ஒரு கையில வச்சுக்கிட்டு போன நோண்டிக்கிட்டிருக்க?" என்றார் எதிரில் வந்து உட்கார்ந்த பாப்பாயி, மண்ணச்சநல்லூரிலிருந்து வெறும் வயிற்றோடு வந்தவர். "எனக்குக் காப்பி வேணும், சீக்கிரம் குத்து."

பூவரசன் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். அந்தக் கீழ்த்தளத்தில் சமிக்ஞை கிடைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. எதை அனுப்பினாலும் நாலு படி ஏறி நின்று, போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது வழக்கம். பாப்பாயியின் அதட்டலில் அது மறந்துபோயிற்று.

ஒன்று பத்துக்குத் தேநீர் குடிக்க மேலே ஏறினார். வாசலை எட்டியதும் பையில் கைப்பேசி அதிரத் தொடங்கியது, நிற்காமல் அதிர்ந்தது. இந்த நேரத்தில் குழுவில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டில் ஏதேனும் விபரீதமோ என்று பதறி எடுத்துப் பார்த்தார்.

'அண்ணே, என்ன இது?'

'சார், இப்பத்தான் பார்த்து முடிச்சேன். முடிவை நீங்களே இப்படிப் போடலாமா?'

'இன்னும் பாதிகூட நான் பார்க்கலியே!'

கடைசியாக, பேருந்து ஓட்டுநர் அப்துல் அஹத் எழுதியிருந்தார்: 'டிரிப் முடிச்சு நிம்மதியா பார்க்கலாம்னு இருந்தேன். கடைசிக் கட்டத்தையே போட்டு உடைச்சிட்டீங்களே பாய்!'

பதினொன்று நாற்பதுக்கு அனுப்பியது, அவர் படியேறிய கணத்தில்தான் புறப்பட்டுப் போயிருக்கிறது. தம் திரையில் பதினொன்று நாற்பது என்றிருந்தது மற்றவர் திரையில் ஒன்று பத்து. அதைவிடக் கொடிது, இவர்கள் பதறிய பதற்றத்திலேயே தம் ஊகம் மெய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகள் பொத்திப் பொத்திக் காத்த முடிவைத் தமக்குத் தாமே போட்டு உடைத்துக்கொண்டார்.

செய்தியை அழித்தார். கீழ்த்தளம், சமிக்ஞை, பதினொன்று நாற்பது என்று விளக்கம் எழுதினார். தம் திரையைப் படமெடுத்துச் சான்றாகப் போட்டார். உடனே பீமராவ் அழைத்தார்.

"சார், நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க கவலைப்படாதீங்க."

"அந்தப் படத்தப் பாத்தீங்களா? பதினொன்னு நாப்பதுன்னு இருக்கும்."

"படம் எதுக்கு சார்? பாக்கலன்னு நீங்க சொன்னா போதாதா?"

பூவரசன் அழைப்பைத் துண்டித்தார். வாங்கி வைத்த தேநீர் ஆறி ஏடு படர்ந்தது. பார்க்கவில்லை என்று ரெஜிஸும்தான் சொன்னார். அந்தச் சொல் ஏன் போதவில்லை?

பிற்பகலில், இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, ஒருவர் கையில் இரண்டு முறை குத்த நேர்ந்தது. நாலு மணிக்கு அனுமதி கேட்டுப் புறப்பட்டார். குழுவில் 'விதி எல்லோருக்கும் ஒன்றே' என்று எழுதிவிட்டுத் தம்மைத் தாமே விலக்கிக்கொண்டார். பிறகு யமுனாவை அழைத்தார்.

"மணப்பாறைக்குப் போறேன்."

"இன்னைக்கா? ஆறு மணிக்கு வீட்டுல ஈ காக்கா பறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டீங்களே?"

"அது முடிஞ்சுபோச்சு."

"பாத்துட்டீங்களா?"

"பாக்கல. ஆனா முடிஞ்சுபோச்சு."

"சுத்தம்," என்றார் யமுனா. சற்றுப் பொறுத்து, "ரெஜிஸ் கடைக்கா? முறுக்கு நீங்களா வாங்கிட்டு வராதீங்க. அவரு குடுத்தா மட்டும் கொண்டு வாங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

திண்டுக்கல் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தும் அமைதி கிடைக்கவில்லை. என்னவென்று தொடங்குவது? ரெஜிஸ் இன்னும் பார்க்காதிருந்தால், நடந்ததை விளக்கப்போய் முடிவையும் சொல்லிவிடக்கூடுமே! மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் மறுபடியும் ஒரு குற்றம். வாக்கியங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கலைத்துக்கொண்டே வந்தார். முன்னிருக்கைக்காரர் திரும்பி, "சார், சீட்டு ஆடுது," என்றார்.

கடையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காதணி விழாப் பேனர் ஒன்று, ஒரு குழந்தையின் நெற்றிவரை வெளியே வந்திருந்தது. ரெஜிஸ் நிமிர்ந்து பார்த்தார். அண்ணே என்று அழைக்கவில்லை.

"வாங்க. என்ன சைஸ்?"

"ரெஜிஸ்..."

"பத்துக்கு எட்டா, பன்னெண்டுக்குப் பத்தா?"

"கடைசிப் பகுதி பாத்தியா?"

"டம்ளர் தண்ணியோட விட்டாச்சு. மூணாவது சீசன் ஒன்னுகூடப் பாக்கல."

பூவரசன் அஞ்சியது இதைத்தான். வழியெல்லாம் கட்டிய வாக்கியங்களில் ஒன்றும் உதவவில்லை. "நான் ஒன்னு ஊகிச்சேன். பன்னெண்டுக்கு முன்னாடியே கூட்டுல போட்டேன். டவர் இல்லாம ஒன்னு பத்துக்குத்தான் போயிருக்கு. அது... அப்படியே ஆயிருச்சு."

ரெஜிஸ் இயந்திரத்தை நிறுத்தினார். "என்ன ஊகிச்சீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம் ஆகல."

ரெஜிஸின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டார். "யாரும் நம்பலியாக்கும்?"

"எல்லாரும் நம்பிட்டாங்க. கேள்வியே கேக்கல." பூவரசனின் குரல் தணிந்தது. "உன்ன நான் நம்பல. முந்நூறு பேர் முன்னாடி பொய்யன்னு எழுதினேன். நீ பொய் சொல்லல, ரெஜிஸ். தப்பு என்னோடது."

ரெஜிஸ் பேனரில் பாதி வெளிவந்த குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூணு தடவ போன் பண்ணேண்ணே."

"ஆமா."

"ரிங்கு போறது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"மறைக்காம சொன்னீங்களே, அது போதும்," என்றார் ரெஜிஸ். பேனர் வடிவமைக்கும் பெரிய கணினித் திரையைத் தம் பக்கம் திருப்பினார். "மொத்தம் எத்தன?"

"எட்டு."

"இன்னைக்கு ஒன்னு. மிச்சத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து பாப்போம். கூட உக்காந்து பாத்தாத்தான் கணக்கு."

பூவரசன் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"அங்க வேணாம். எனக்குப் பின்னாடி போங்க."

"ஏன்?"

"உங்க மூஞ்சி ஒன்னு போதும், முடிவு தெரிஞ்சிரும்."

பூவரசன் மறுபேச்சின்றி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். திரையில் கடல் விரிந்தது. கலங்கரை விளக்கு எரிந்தது. அதன் உச்சியிலிருந்து செம்பருந்து இரண்டு சிறகுகளையும் அகல விரித்துக் குதித்தாள். பூவரசனின் கால் தானாக ஆடத் தொடங்கிற்று. முன் நாற்காலியின் காலில் இடித்தது.

"அண்ணே," என்றார் ரெஜிஸ் திரும்பாமலே, "கால ஆட்டாதீங்க. அதுலயும் தெரியுது."

பூவரசன் முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.