ஞானம் என்று எழுதத் தயங்கிய வருடம்

கணவர் இறந்த மறு வருடம், ஞானவாதிகளைப் பற்றிய ஓர் ஆங்கில நூலைத் தமிழாக்க ஒப்புக்கொண்டேன். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் வீட்டில் நான் மட்டும்தான்.

ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்து, சிரியாப் பக்கம் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். இந்த உலகத்தைப் படைத்தது உண்மையான கடவுள் அல்ல, தன்னைக் கடவுளென்று எண்ணிக்கொண்ட ஒரு குறைப்பிறவி என்றார்கள். மனிதனுக்குள் சிக்கியிருக்கும் ஒளித்துளியை அறிவதே விடுதலை என்றார்கள். திருச்சபை அவர்களைத் தள்ளிவைத்தது. எதிரிகள் எழுதிய கண்டனங்களில்தான் அவர்கள் பெரும்பாலும் மிஞ்சியிருந்தார்கள். பிறகு, போன நூற்றாண்டில், எகிப்திய விவசாயி ஒருவர் மண்ணிலிருந்து ஒரு ஜாடியைத் தோண்டியெடுத்தார். உள்ளே அவர்களுடைய சொந்த நூல்கள் இருந்தன. சில ஏடுகளை அவருடைய அம்மா அடுப்பில் போட்டுவிட்டாராம்.

உலகமே ஒரு பிழை என்பது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. புற்றுநோயைப் படைத்தவனை நல்லவன் என்று நம்ப வேண்டியதில்லை.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். அவர்கள் 'க்னோசிஸ்' என்று சொன்ன அறிவை 'ஞானம்' என்று எழுதினால் எங்கள் ஊரில் ஞானஸ்நானம்தான் நினைவுக்கு வரும். 'அறிவு' என்றால் பரீட்சை வாசனை.

பக்கத்துத் தோட்டத்துக்குக் கேரட் பிடுங்க பேத்துப்பாறையிலிருந்து ஓர் அக்கா வருவார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஏழு வயதில் கப்பலேறி வந்தவர். கணவர் இருந்த காலத்திலிருந்தே மதியம் என் வீட்டில் பால் சேர்க்காத பிளேன்டீ குடிப்பார். மழையால் வேலை நின்ற ஒரு நாள், மனிதன் இவ்வுலகில் அந்நியன் என்ற பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அங்க இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க," என்றார். "எழுதுனவங்களுக்கு அது தெரிஞ்சிருக்குங்க, டீச்சர்."

"அப்ப உலகத்தையே தப்பாப் படைச்சிருக்குன்னு நீங்களும் சொல்வீங்களா?"

நகத்திலிருந்த மண்ணைப் பார்த்தபடி யோசித்தார். "அந்நியம்னு சொன்னது ஆளுங்கதானே. மண்ணு ஒன்னும் சொல்லலையே. அங்கயும் மொளைச்சது, இங்கயும் மொளைக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் ஒடம்பும் மண்ணுதான். அது அவரை என்ன பாடு படுத்துச்சுன்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அந்த ஒடம்பத்தானே கடைசி வரைக்கும் தொடச்சு விட்டீங்க. வெறுத்துக்கிட்டா செஞ்சீங்க?"

கணவர் இறந்த பிறகு அன்றுதான் அழுதேன். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மழை விட்டதும் வேலைக்குப் போனார்.

கடைசியில் 'ஞானம்' என்றே எழுதினேன். ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு அறிவதல்ல, அவரோடு பழகி அறிவது என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தேன்.

புத்தகம் வந்தபின் கொடைக்கானலில் சிறு கூட்டம் நடந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்தார். "நாம எல்லாருமே யாரோ எழுதின புரோகிராமுக்குள்ள இருக்கோம்னு சொல்றாங்களே, மேடம். இதுவும் அதுதானா?"

அதே பழைய சந்தேகம்தான், இன்றைக்குச் சினிமாவிலும் வீடியோ கேமிலும் வருகிறது என்றேன்.

"நீங்க நம்புறீங்களா?"

"ஒரு வருஷம் நம்பினேன்."

கூட்டம் கலைந்ததும் அருகே வந்தார். தம்பி இறந்து நான்கு மாதம் ஆகிறது என்றார். பஸ் ஸ்டாண்டு வரை அவரோடு நடந்தேன். வழியெல்லாம் தம்பியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.