வாலாஜாபாத்தில் நின்ற ரயில்

என் மாமா வாயில் கெட்டிக்காரர், கையில் சோம்பேறி என்று எட்டு வயதிலேயே முடிவு கட்டியிருந்தேன். அம்மாவின் தம்பி, தறிகளில் டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டிகளை ரிப்பேர் பார்ப்பவர். அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அப்பாவும் தறியை நிறுத்திவிட்டுத் துணைக்குப் போய்விட்டதால், என்னைப் பார்த்துக்கொள்ள மாமா வந்தார். யார் யாரைப் பார்த்துக்கொண்டோம் என்பது வேறு கதை. அவருக்குச் சோறு வடிக்கவே தெரியாது.

ஞாயிறுதோறும் காஞ்சிபுரத்திலிருந்து ரயிலில் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவோம். ஒருமுறை திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். நாத்தப்பேட்டை தாண்டியும் நிறுத்தவில்லை. பெட்டியில் எல்லோரும் மாமாவை முறைத்தார்கள். பாவம், என்ன செய்வார்?

"இந்த லைனை நம்ம வூட்லயே கட்டலாம் பாப்பா. செங்கல்பட்டுலேர்ந்து ஆரம்பிப்போம். காஞ்சிபுரம் வந்து சேந்துச்சுன்னா உங்கம்மாவும் வந்துடும்" என்றார்.

அழுகை சட்டென்று நின்றது. யாராவது ஒரு வாக்குக் கொடுத்துவிட்டால் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளை நான்.

மறுநாளே தறிக்குப் பக்கத்தில் பழைய கதவு ஒன்றைப் படுக்கவைத்தோம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி தண்டவாளம். கழித்துப்போட்ட டிசைன் அட்டையை வெட்டி பிளாட்பாரம். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இப்படியும் அப்படியும் ஓடுமே நாடா, அதில் உடைந்தது ஒன்றுதான் ரயில். மேலதிகாரி நான், திட்டு வாங்கியது மாமா. ஒரே வாரத்தில் ரெட்டிப்பாளையம், வில்லியம்பாக்கம், பாலூர், பழையசீவரம் எல்லாம் முடிந்தன. பாலாற்றுக்கு நிஜ மணலே கொண்டுவந்தார். தண்ணீர் எங்கே என்று கேட்டதற்கு, ஆத்துலயே இல்ல, நான் எங்கே போவேன் என்றார்.

சனிக்கிழமை வாலாஜாபாத் வரை வந்துவிட்டோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவையும் மாமாவையும் தனியாக அழைத்துப் பேசினார். நான் அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு சுளைக்கு மேல் தின்னவில்லை.

அதற்குப் பிறகு லைன் நகரவில்லை. கேட்டால், வாலாஜாபாத்தில் கிராசிங், எதிர்வண்டி வந்தால்தான் மேலே கட்ட முடியும் என்றார். ஒற்றை லைனில் எதிர்வண்டிக்காகக் காத்துக்கிடப்பது எங்கள் ஊர்க்காரர்களின் தலையெழுத்து. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இறங்கி டீ குடிப்பார்கள். நானும் நம்பி நாலு நாள் பொறுத்தேன். அப்புறம் ஆணி தீர்ந்துவிட்டது என்றார். அப்புறம் அளவு தப்பு என்று பழையசீவரம் வரைக்கும் கம்பியைப் பிடுங்கி, அங்கிருந்து திரும்ப அடித்தார். இப்படியே ஒரு மாதம் போனது.

"நீ சோம்பேறி மாமா. உன்னாலதான் அம்மா இன்னும் வரல" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவரை நம்பிப் பயனில்லை என்று அன்றைக்கே நான் வேலையில் இறங்கினேன். நாத்தப்பேட்டை, கிழக்கு காஞ்சிபுரம், காஞ்சிபுரம். சுத்தியல் இரண்டு தரம் கட்டைவிரலில் விழுந்தது. தண்டவாளம் கோணல்மாணலாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. நாடாவைத் தள்ளிக்கொண்டு வந்து காஞ்சிபுரத்தில் நிறுத்திவிட்டு மாமாவுக்காகக் காத்திருந்தேன்.

மாமா வந்தார், பார்த்தார். பாராட்டுவார் என்று பார்த்தால், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரயிலை ஒற்றை விரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளி வாலாஜாபாத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிடுங்கிக் காஞ்சிபுரத்தில் வைத்துவிட்டு, அவரோடு பேசுவதை விட்டேன்.

மூன்றாம் நாள் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார், காரில். ரயிலில் வராதது ஒரு குறைதான், மன்னித்துவிட்டேன். அம்மாவைத் தூக்கிவந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள். நான் அந்தக் கதவை இழுத்துவந்து கட்டிலோரம் போட்டு, லைன் காஞ்சிபுரம் வந்தால் நீயும் வந்துவிடுவாய் என்று சொன்ன மாமா வாலாஜாபாத்தைத் தாண்டவே இல்லை, மீதியெல்லாம் நான்தான் என்று கோள் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள்.

"நிறுத்தி வச்சிருந்தியாடா?" என்று கேட்டாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். நல்லா மாட்டினார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இனி மருந்து வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா யாரிடமோ சொன்னது என் காதிலும் விழுந்தது. மருந்தே வேண்டாமாம்! வீடு வீடாக ஓடிப்போய்ச் சொன்னேன். அன்று முழுக்கத் தெருப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவைப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். அம்மா வந்துவிட்ட சந்தோஷம் எல்லோருக்கும் இருக்கிறது என்று நினைத்து, அழுதவர்களை ஒருவர் விடாமல் உட்காரவைத்து, செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் ரயிலை ஓட்டிக் காட்டினேன்.