ராகு மூலையில் அம்மா

ஈரச் சலவைக்கல்லுக்கு ஒரு வாசனை உண்டு, சத்தியமாக. போன வாரம் மகளோடு ஷ்வேடகோன் புத்தர் கோயில் குன்றேறி, மேல்தளத்தில் வெறுங்காலை வைத்ததும் அது மூக்கில் ஏறியது. கூடவே அம்மாவும் வந்துவிட்டாள்.

பல வருடங்களுக்கு முன்பு, இதே ஊரின் லான்மடா பேட்டையில் ஒரு துணிக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் ஆபரேஷன், பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பர்மியக்கார அம்மாள் டோ மியாதான் அம்மாவையும் என்னையும் இங்கே இழுத்து வந்தார்.

செதுக்கு மரக் கூரைகளுக்குக் கீழே படிகள் போய்க்கொண்டே இருந்தன. மேலே வந்து நிமிர்ந்தால், அடேயப்பா! பாதி வானத்தைத் தங்கம் அடைத்துக்கொண்டு நின்றது. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனாலும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். கவிழ்த்த திருவோடு, அதன்மேல் தாமரை இதழ்கள், அதற்கும் மேலே வாழைப்பூ, உச்சியில் மணிகள் தொங்கும் குடை. வாழைப்பூ என்பது நான் வைத்த பெயரில்லை, பர்மியர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த நேரத்திலும் எனக்கு வாழைப்பூ வடை ஞாபகம் வந்தது. காலையிலிருந்து பட்டினி, என்ன செய்ய?

கோபுரத்தைச் சுற்றிக் கிழமைக்கு ஒரு மூலை, மூலைக்கு ஒரு மிருகம். பிறந்த கிழமையின் மூலையில் இருக்கும் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்ள வேண்டும். புதனுக்கு மட்டும் இரண்டு: காலையில் பிறந்தவருக்குத் தந்தமுள்ள யானை, மாலையில் பிறந்தவருக்குத் தந்தமில்லாத யானை. அப்பா பிறந்தது புதன் மாலை.

“அப்படின்னா தந்தமில்லாத யானை, ராகு மூலை,” என்றார் டோ மியா பர்மியத்தில்.

“ராகுவா? ராகு காலத்துல நான் கடைக்குக்கூடப் போவ மாட்டேன். அவங்கிட்டயா என் புருசனைக் கொண்டுபோய் விடுவேன்?”

அம்மா விறுவிறுவென்று தந்தமுள்ள யானையிடம் போய் ஊற்றிவிட்டு வந்தாள். டோ மியா கோபிக்கவில்லை. “இப்ப புதன் காலையில பொறந்த வேற யாரோ பிழைச்சுக்குவாங்க,” என்றார்.

அம்மா ஆடிப்போனாள். கிண்ணத்தை மறுபடி நிரப்பிக்கொண்டு ராகு மூலைக்கு ஓடினாள்.

“டேய் ராகு! இத்தனை வருசமா உனக்குப் பயந்து ஒதுங்கிப் போனவ நான். இன்னிக்கு உன் வாசலுக்கே வந்துட்டேன். மரியாதையா அவரை விட்டுடு!”

கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் எங்கள் காலடியில் ஓடியது. மேலே குடையின் மணிகள் ஒன்றாகக் குலுங்கின.

அப்பா பிழைத்தார். அதன்பிறகு அம்மா புதன் தவறாமல் ராகுவைப் பார்க்கப் போனாள். போய்ச் சண்டையும் போட்டாள். இப்போது அம்மா இல்லை, அப்பா இல்லை, டோ மியாவும் இல்லை.

என் மகளும் புதன் மாலைப் பிறப்பு. பர்மியத்தில் முணுமுணுத்தபடி தண்ணீர் ஊற்றினாள். பாட்டி கதையைச் சொன்னேன். “யானைதானே, எதுக்கும்மா பயம்?” என்றாள்.

அந்த மூலையில் ராகுவைத் தமிழில் அதட்ட இனி ஆளில்லை. நானாவது ஒருமுறை அதட்டிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். “ஐயா” என்றுதான் வந்தது.